கர்துங் லாவை நோக்கி

லே நகரில் மூன்று நாட்கள் உடலைப் பழக்கிய பின், எங்கள் குழு மிதிவண்டிகளில் நுப்ரா பள்ளத்தாக்கை நோக்கி வைகறையில் புறப்பட்டது. இடையே நிற்பது கர்துங் லா கணவாய்: தொலைவு ஏறத்தாழ 40 கி.மீ.; உயரம் 5,359 மீட்டர். கடல் மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் பாதியளவே அங்கு கிட்டும்.

சவுத் புல்லு சோதனைச் சாவடியில் எங்களுள் இளையவர் தலையைப் பிடித்தபடி அமர்ந்தார், வாந்தியும் எடுத்தார்.

“பாதிக்குமேல் வந்துவிட்டோமே, காக்கா! மெல்ல ஏறிவிடுகிறேன்” என்று மன்றாடினார்.

மலைநோய்க்கு முதல் மருந்து கீழிறங்குவதே. உடன்வந்த ஜீப்பில் இருவர் வண்டிகளையும் ஏற்றி, நானும் அவருடன் திரும்பினேன். லே கடைவீதியில், 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜாமிஆ மஸ்ஜிதை அடைந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

கணவாயைக் காணாத ஏக்கம் எனக்கு இன்னும் உண்டு, திரும்பியதில் வருத்தமில்லை.