டீச்சர் போன்ல என்ன இருக்கு?

போன வாரம் மதுரையில இருக்கிற தோழி போன் பண்ணினா. அவளும் டீச்சர்தான். "நீ வகுப்புல என்னென்ன ஆப் வச்சிருக்கே, ஒரு லிஸ்ட் அனுப்புடி"ன்னா. எழுத உக்காந்தா அது பதிவு சைஸுக்கு நீண்டுடுச்சு. சரி, நீங்களும் படிச்சு வைங்க :-)

முதல்ல எங்க ஊர் நிலவரம். போடியிலேருந்து மூணாறு போற ரோட்டுல முந்தல் தாண்டினதும் மலை ஆரம்பிச்சுடும். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. அதுக்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலத்தோட்டம். விடியறதுக்கு முன்னாடி தூக்குச்சட்டியோட ஜீப் ஏறிப் போற சனம், பொழுது சாஞ்சுதான் இறங்கும். என் வகுப்புல பாதிப் பிள்ளைங்களோட அம்மா அந்த ஜீப்புலதான் இருப்பாங்க. வீட்டுல இருக்கிற ஒரே போனும் அவங்களோட மலையேறிடும். 2020 கொரோனா சமயத்துல நானும் வாட்ஸப்புல பாடம் அனுப்பிப் பார்த்தேன். ராத்திரி எட்டரை மணிக்குத்தான் நீல டிக் விழும். பிள்ளை அப்போ தூங்கியிருக்கும்.

ஆக, பிள்ளை கையில போன் இருக்கும்னு நம்பிச் செஞ்ச எந்த ஆப்போட பருப்பும் இங்க வேகாது. ஒரு வகுப்பு, ஒரே போன், அதுவும் என்னோடது. (ரீசார்ஜும் என்னோடதுதான். அதை யாரும் கேக்கமாட்டாங்க.)

திக்‌ஷா எல்லா டீச்சருக்கும் தெரிஞ்சதுதான். 2017ல வந்தது. அடுத்த வருஷம் நம்ம புதுப் பாடப்புத்தகத்துல க்யூஆர் கட்டம் அச்சடிச்சு வந்தப்போ, எல்லாரும் போனைத் தூக்கித் தூக்கி ஸ்கேன் பண்ணிப் பார்த்தோம். அதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணுதான்: வீடியோவை இறக்கி வச்சுக்கலாம். ராத்திரி வீட்டுல இறக்கிட்டு, காலையில நெட் இல்லாம காட்டலாம். வகுப்புல நின்னு, சுத்துற வட்டத்தையே நாப்பது பிள்ளைங்களோட சேர்ந்து பார்த்த அனுபவம் உள்ளவங்களுக்கு இதோட அருமை புரியும்.

கேள்வித்தாள் அடிக்கச் செல்லினம். முத்து நெடுமாறன் 2005லயே செல்பேசிக்குக் கொண்டு வந்த சமாச்சாரம். இ-கலப்பை காலத்து ஆளுங்ககிட்ட நான் இதைப் பத்திப் பேசினா, கொல்லன் தெருவுல ஊசி வித்த கதையாயிடும். அடுத்தது.

பிளிக்கர்ஸ். இதைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஆளுக்கொரு காகித அட்டை. கறுப்பும் வெள்ளையுமா ஒரு கட்டம் இருக்கும், ஒவ்வொரு அட்டையிலயும் ஒவ்வொரு மாதிரி. அட்டையோட நாலு பக்கமும் நாலு விடை. தனக்குச் சரின்னு படுற பக்கம் மேல வர்ற மாதிரி பிள்ளை தூக்கிப் பிடிக்கணும். நான் போன் கேமராவை வகுப்பு மேல ஒரு சுத்து சுத்தினா, யார் என்ன விடை சொன்னாங்கன்னு என் திரையில வந்துடும். எழுத்து பொடிசா இருக்கிறதால பக்கத்துப் பய காப்பி அடிக்கவும் முடியாது. நெட் வேணும், அது ஒரு குறை. ஆனா எப்பவும் கை தூக்குற அதே மூணு பேரைத் தாண்டி, கடைசி பெஞ்சுல வாயே திறக்காத பிள்ளைக்குக் கழித்தல் தெரியும்னு எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்த அட்டைதான். அட்டையை மட்டும் நல்ல கெட்டித்தாள்ல எடுங்க. எங்க பசங்க ஒரே வாரத்துல விசிறியாக்கிட்டாங்க.

இப்போ சொல்லப் போறதுக்குப் பேர் வேண்டாம். வருகைப்பதிவு எடுத்ததுமே, வராத பிள்ளையோட வீட்டுக்குத் தானா மெசேஜ் அனுப்புற ஆப் ஒண்ணு. நானே தேடி, நானே எல்லா நம்பரையும் ஏத்தினேன். ஸ்டாஃப் ரூம்ல பெருமை வேற அடிச்சுக்கிட்டேன். 2022 ஆகஸ்ட், மலையில காய் எடுப்பு மும்முரமா இருந்த நேரம். அஞ்சாவது படிக்கிற பையன் ஒருத்தன் அன்னிக்கு வரலை. பத்து மணிக்குள்ள மெசேஜ் போயிடுச்சு.

மறுநாள் வந்தான். கெண்டைக்கால்ல தடிச்சுக் கிடந்தது. என்னடான்னா பேசலை. பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் சொல்லுச்சு. தங்கச்சிக்குக் காய்ச்சல், அம்மா கூலியை விட முடியாம, "நீ பாத்துக்கடா"ன்னு இவனை விட்டுட்டு மலைக்குப் போயிருக்கு. அப்பாவுக்கு இது தெரியாது, அவர் வேற தோட்டத்துல வேலை. கூட வேலை பாக்கிறவங்க முன்னாடி மெசேஜைப் படிச்சிருக்கார். பய ஊர் சுத்துறான்னு முடிவு பண்ணிட்டார். சாயங்காலம் இறங்கி வந்தவர், எதையும் கேக்காமலே அடிச்சுட்டார்.

மெசேஜ்ல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. "உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை." அன்னிக்கு வராத நாலு பேர் வீட்டுக்கும் அதே வரிதான் போச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா ஜீப்புல இருந்து அப்பத்தான் இறங்கியிருந்தாங்க, கையெல்லாம் காய்க்கறை. டீ போட்டுக் கொடுத்தாங்க. அப்புறம், "ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல டீச்சர்"னாங்க. திட்டியிருந்தாகூடத் தேவலை. டீ தொண்டைக்குள்ள இறங்கலை.

வீட்டுக்கு வந்ததும் தானா அனுப்புற வசதியை அணைச்சேன். அதிலேருந்து, வராத பிள்ளையைப் பத்தி முதல்ல பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்டக் கேக்கிறேன். மதியம் சாப்பாட்டு நேரத்துல அம்மாவுக்கு நானே போன் பண்றேன். சில நாள் எடுக்கமாட்டாங்க. மலைன்னா அப்படித்தான்.

கடைசியா, காசு கொடுத்து வாங்காத, இறக்கக்கூட வேண்டாத ஒண்ணு: போன்லயே இருக்கிற ரெக்கார்டர். அதே பையனுக்கு வாசிப்பு திக்கும். மாசம் ஒரு தடவை அரைப்பக்கம் படிக்கச் சொல்லி, தேதி போட்டு வச்சுக்குவேன். ஆகஸ்ட் குரலையும் டிசம்பர் குரலையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். "இது நானா டீச்சர்?"னு சிரிச்சான். டிசம்பர் குரலை அவங்கம்மாவுக்கு அனுப்பினேன். இறங்குற ஜீப்புல சத்தமா வச்சுக் கேட்டிருக்காங்க போல. மறுநாள் காலையில வேற ரெண்டு அம்மாக்கள்கிட்டேருந்து போன், "எம்பிள்ளை படிக்கிறது எப்போ வரும் டீச்சர்?"னு.

தோழிக்கு லிஸ்ட் அனுப்பியாச்சு. அந்த வருகை ஆப் பேருக்கு நேரா மட்டும், "இதைப் போடறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணு"ன்னு எழுதியிருக்கேன். இன்னும் பண்ணலை.