கூப்பிடு தூரமும் ஒரு மணிப் பயணமும்

காரைநகரின் தென்கோடியிலுள்ள இறங்குதுறையில் நின்று நோக்கினால் ஊர்காவற்றுறைக் கரை கண்ணெதிரே தெரிகிறது. இடையிலே கிடப்பது ஒரு கிலோமீட்டரும் நிறையாத கடல். "இவ்வளவுதானா தூரம்?" என்று புதியவர் வியப்பார். அவ்வூர் மக்களோ தூரத்தைப் பற்றிப் பேசுவதில்லை, "பாதை ஓடுகிறதா?" என்றே கேட்கின்றனர்.

பாதை என்று அவர்கள் குறிப்பது தரைவழியை அன்று; ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை. அஃது ஓடினால் சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். நின்றுவிட்டாலோ, பொன்னாலைப் பாலம் தாண்டி, வட்டுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் சென்று, பண்ணைப் பாலத்தால் மறுபடியும் கடலைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை என்று சுற்றிவர வேண்டும். கூப்பிடு தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டராக நீண்டுவிடுகிறது!

இந்நீரிணையின் நடுவே கடற்கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். கப்பல்கள் புகும் வாயிலாக இருந்தமையால் இச்சிறு நீர்ப்பரப்புக்கும் காவல் வேண்டியிருந்தது.

இனி வானத்தின் கணக்கைப் பார்ப்போம். 1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையை அடுத்த பலாலியில் இறங்கி, சென்னைக்குச் சென்றது. இரத்மலானைக்கும் பலாலிக்கும் வான்வழித் தூரம் சுமார் 330 கிலோமீட்டர். பலாலிக்கும் சென்னைக்கும் சுமார் 355. மூன்று நிலையங்களும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வடக்குத் தெற்காக அமைந்துள்ளன. பல்லாண்டுகள் அற்றிருந்த சென்னைத் தொடர்பு, பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட 2019இல் மீண்டும் தொடங்கியது.

மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் சிறு விமானம் சென்னையை முக்கால் மணிக்குள் அடைய வேண்டுமல்லவா? ஆயினும் ஒரு மணிக்கு மேலாகிறது. ஓடுபாதையில் ஊர்வதற்கும், மேலெழுவதற்கும், வேகம் தணிந்து இறங்குவதற்கும் நேரம் செல்கிறது. எதிர்க்காற்றும் தன் பங்கைக் கேட்கும். பயணம் குறுகக் குறுக, இவ்வகையில் செலவாகும் நேரத்தின் பங்கு பெருகுகிறது.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் செல்லவும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. விமானத்தில் ஏறியவர் கொழும்பை நெருங்கும் அதே வேளையில், படகில் ஏறியவர் நெடுந்தீவு இறங்குதுறையை நெருங்குகிறார். மாரிக்காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால், அந்த ஒரு மணி ஒரு நாளாகவும் இரு நாளாகவும் நீளும்.

மாணவர்கள் ஒரு தாளை எடுத்து, கிலோமீட்டரை விட்டுப் பயண நேரத்தைக் கொண்டு ஒரு படம் வரைந்து பார்க்கட்டும். அதில் நெடுந்தீவு கொழும்பின் தொலைவுக்குச் சென்றுவிடும். ஊர்காவற்றுறையோ ஒரு நாள் காரைநகரை ஒட்டி நிற்கும். மறுநாள் யாழ்ப்பாணத்துக்கும் அப்பால் விலகிவிடும். காலை மணி அடிக்குமுன் வகுப்பறை சேர வேண்டிய ஆசிரியருக்கும், அக்கரையில் நோயுற்ற தாயைக் காணச் செல்லும் மகளுக்கும் அந்தப் படமே மெய்யானது. அவர்களுக்காக வானூர்தி வேண்டுவதில்லை. அந்த மிதவை நாள்தோறும், சொன்ன நேரத்தில், தவறாமல் ஓடினாற் போதும்.