மட்டாஞ்சேரியில் ஒரு பிறந்தநாள்

1555-இல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனையையும், 1568-இல் எழுந்த யூதர் ஆலயத்தையும் காண மட்டாஞ்சேரிக்கு வருவோர் பலர். சுக்கும் மிளகும் மணக்கும் கடைத்தெருவுக்குப் பின்னே பதினொருவர் வாழும் எங்கள் இல்லத்தை அவர்கள் அறியார். ரயில்வே எழுத்தரின் சம்பளம் ஒன்று, குளியலறையும் ஒன்றே. காலையில் அங்கு நிற்கும் வரிசை எங்கள் டிக்கட் ஜன்னலையே நாணச் செய்யும்!

சென்ற ஐப்பசியில் கடைக்குட்டிக்கு மூன்று வயது நிறைந்தது. சான்றிதழிலுள்ள ஆங்கிலத் தேதியில் கேக் வெட்ட வேண்டுமென்றனர் மூத்த பிள்ளைகள். பூச நட்சத்திரமே பிறந்தநாள் என்றார் திருநெல்வேலிப் பாட்டி. வழக்கைத் தீர்த்தவர் அடுத்த வீட்டு மலையாள மூதாட்டி. அவர்களுடைய கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பினும், மாதங்கள் நம்முடையவை போலவே சூரியன் வழிச் செல்பவை. நமது ஐப்பசி அவர்களுக்குத் துலாம், பூசம் பூயம். ஆகவே இரு வீட்டுப் பஞ்சாங்கமும் ஒரே நாளைக் காட்டின.

அன்று பாயசத்தில் முதற் கரண்டி குழந்தைக்கே. மற்ற நாட்களில் அந்த உரிமை அவனுக்கு ஏது? இரண்டு கிழவிகளையும் அவன் "அம்மும்மா" என்றே அழைத்தான். "பாட்டி என்று சொல்லடா" என நாள்தோறும் திருத்தும் எங்கள் பாட்டி, அன்று வாய் திறவாமல் இன்னொரு கரண்டி வார்த்தார்.