சுடத் தெரிந்தவர் எல்லாம் ஆசிரியரா?

பெங்களூரின் பெரிய வங்கிக் கிளைகளின் வாசலில் அவரைப் பார்க்கலாம். ஐம்பதை நெருங்கும் வயது, கத்தரித்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை, தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி. பதினேழு ஆண்டு ராணுவத்தில் இருந்தவர் என்பதே அவருடைய தகுதிச் சான்று. நாளைக்கே அவர் ஒரு செக்யூரிட்டி நிறுவனத்தில் புதிய ஆட்களுக்குத் துப்பாக்கி கற்றுத்தரும் மாஸ்டர் ஆனால் யாரும் புருவத்தை உயர்த்தமாட்டார்கள். துப்பாக்கி என்றால் ராணுவம் அல்லது போலீஸ். வேறு யாருக்கு அது தெரியும்?

இப்படி நினைப்பதற்கு பெங்களூருக்குக் காரணம் இருக்கிறது. 1809இல் ஆங்கிலேயர்கள் இங்கே கண்டோன்மென்ட் அமைத்த நாளிலிருந்து இது சிப்பாய்களின் ஊர். அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் இருக்கிறது. அதன் வீரர்களை இந்திய ராணுவம் முழுதும் 'தம்பி' என்றுதான் அழைக்கிறது. அந்தத் தம்பிகளில் பலர் ஓய்வு பெற்றபின் இதே ஊரிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். ஓய்வூதியம் போக ஒரு வேலை வேண்டும். பழகிய கைக்குப் பழகிய பொருள்.

சட்டமும் சீருடையின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், காவலர்களைச் சேர்க்கும்போது ராணுவம், போலீஸ், ஊர்க்காவல் படை ஆகியவற்றில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது. மேற்பார்வையாளர் என்றால் மூன்று ஆண்டாவது படையில் இருந்தவருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்கிறது. அதையொட்டி 2006இல் வந்த மத்திய மாதிரி விதிகளில் இன்னொரு சலுகை. சாதாரண ஆளுக்கு வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணிப் பயிற்சி. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் வகுப்பில் 40, களத்தில் 16 மணி போதும். மிச்சம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது கணக்கு.

பொதுமக்களுக்கும் கர்நாடகத்தில் போலீஸ்தான் வாத்தியார். மாவட்ட ஆயுதப்படையினர் அவ்வப்போது துப்பாக்கிப் பயிற்சி முகாம் நடத்திச் சான்றிதழ் தருகிறார்கள். இதற்குக் கன்னடத்தில் 'நாகரிக பந்தூக்கு தரபேதி' என்று பெயர். கன்னடத்தில் நாகரிகர் என்றால் குடிமக்கள். தமிழ்க் காதுக்கு அது 'நாகரிகமான துப்பாக்கிப் பயிற்சி' என்று கேட்கும். யோசித்தால், கேள்வியே அதுதான். துப்பாக்கியை நாகரிகமாகக் கையாளக் கற்றுத்தர யாரால் முடியும்?

துப்பாக்கி கற்றுத்தருவது என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. குறி தவறாமல் சுடுவது ஒன்று. அதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது இரண்டாவது. எப்போது சுடக்கூடாது என்று தீர்மானிப்பது மூன்றாவது. முதலாவது தெரிந்தவருக்கு மற்ற இரண்டும் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் சிக்கல்.

முதலாவதையே எடுத்துக்கொள்ளலாம். சிப்பாய் பழகுவது ஆள் உயரப் பலகையைத் தூரத்திலிருந்து அடிக்க. மார்பிலோ தோளிலோ பட்டால் அவருடைய வேலை முடிந்தது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், ஒரு முற்றுப்புள்ளி அளவு. அங்கே எதிரி இல்லை, ஓட்டம் இல்லை, உத்தரவு இல்லை. மூச்சையும் இதயத் துடிப்பையும் அடக்கத் தெரியவேண்டும். இரண்டுக்கும் பெயர் சுடுவது, ஆனால் சிலம்பமும் நாட்டியமும் போல வேறு வேறு வித்தைகள்.

இந்தியத் துப்பாக்கி சுடும் விளையாட்டின் பொற்காலத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு ஆங்கிலப் பேராசிரியர். கேரளத்தில் உழவூர் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பாடம் நடத்திய சன்னி தாமஸ், ரைஃபிளில் தேசிய சாம்பியனாகவும் இருந்தவர். 1993 முதல் 2012 வரை இந்திய அணியின் பயிற்சியாளர். அந்தக் காலத்தில்தான் 2004இல் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றார், 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார், 2012இல் விஜய் குமார் வெள்ளியும் ககன் நாரங் வெண்கலமும் வென்றார்கள். இவர்களில் ராத்தோரும் விஜய் குமாரும் ராணுவத்தினர். சிப்பாய்களைக் கொண்ட அணியைப் பேராசிரியர் வழிநடத்தினார், யாருக்கும் அது முரணாகத் தெரியவில்லை. 2001இல் துரோணாச்சாரியார் விருது பெற்ற தாமஸ் 2025 ஏப்ரலில் காலமானார்.

பெங்களூருக்குப் பக்கத்தில் சிக்கபள்ளாப்பூரில் பிறந்த சுமா ஷிரூர் இன்னொரு உதாரணம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுவரை போனவர், பிறகு பயிற்சியாளரானார். சக்கர நாற்காலியில் அமர்ந்து சுடும் அவனி லேகரா டோக்கியோவிலும் பாரிஸிலும் பாராலிம்பிக் தங்கம் வென்றது அவருடைய பயிற்சியில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயின் குரு தீபாலி தேஷ்பாண்டேயும் ஏதென்ஸுக்குப் போன வீராங்கனை. இவர்கள் கற்றுத்தர வந்தது படைமுகாமிலிருந்து அல்ல, போட்டிக் களத்திலிருந்து.

இதனால் ராணுவத்தினரை ஒதுக்கிவிட முடியாது. பிந்த்ராவுக்கு முதன்முதலில் ரைஃபிள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் லெப்டினன்ட் கர்னல் தில்லான் என்ற ராணுவ அதிகாரி. விஜய் குமார் உருவானது மோவில் உள்ள ராணுவத்தின் குறிசுடும் பிரிவில். சீருடை தடையல்ல. அதுவே உத்தரவாதமும் அல்ல.

இதை வெளியாட்களைவிட நன்றாக உணர்ந்திருப்பது ராணுவமேதான். போரிட்டவர் என்பதற்காக எந்தச் சிப்பாயையும் அது ஆசிரியராக நிறுத்துவதில்லை. மோவில் உள்ள காலாட்படைப் பள்ளிக்கும் கர்நாடகத்தின் பெல்காமில் உள்ள அதன் பிரிவுக்கும் ஆட்களை அனுப்பி, ஆயுதப் பயிற்சியும் கற்பிக்கும் முறையும் சொல்லித்தந்து, தேர்வு வைத்துத் தரம் பிரிக்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படைக்கு இந்தூரில் தனி ஆயுதப் பள்ளி இருக்கிறது. பல ஆண்டு துப்பாக்கி தூக்கியவர்களுக்கே படைக்குள் இவ்வளவு வடிகட்டல். வெளியே வந்தபின் 'முன்னாள் ராணுவம்' என்ற இரண்டு சொல்லோடு எல்லாக் கதவும் திறந்துவிடுகிறது. அவர் படையில் சமையற்காரராக இருந்தாரா, வண்டி ஓட்டினாரா, ஆயுதப் பயிற்சி ஹவில்தாராக இருந்தாரா என்று கேட்பவர்கள் குறைவு.

கற்பிப்பது தனிக் கலை என்பதற்கு ஒரு சின்ன உத்தி சாட்சி. புதிதாகச் சுடுகிறவருக்குச் சத்தமும் உதைப்பும் பயம். விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடிக் கையைக் கீழே அழுத்திவிடுவார், குண்டு தரையில் போகும். ஆனால் வெடிக்கும் அதிர்ச்சியில் அந்தத் தவறு மறைந்துவிடும். தேர்ந்த ஆசிரியர் மாணவருக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மித் தோட்டாவைச் செருகிவைப்பார். விசை அழுத்தப்படும், வெடிக்காது. துப்பாக்கியின் மூக்கு மட்டும் பொத்தென்று கீழே சாயும். மாணவர் தன் பயத்தைத் தானே பார்த்துவிடுவார், திட்டவேண்டிய அவசியமே இல்லை. அணிவகுப்பு மைதானத்தில் இருபது வயது இளைஞர்களிடம் பலிக்கும் அதட்டல், பதின்மூன்று வயதுப் பெண்ணிடமோ முதல்முறை துப்பாக்கியைத் தொடும் ஐம்பது வயது தோட்டக்காரரிடமோ பலிக்காது.

தோட்டக்காரர் என்றதும் குடகு நினைவுக்கு வரும். அங்கே குடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய இந்தச் சலுகையை மத்திய அரசு 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்தது. இதை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் ஒருவர். 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சலுகை செல்லும் என்றது. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வேட்டு, இறப்புக்கு இரண்டு. செப்டம்பரில் கைல்போத் திருநாளில் துப்பாக்கிக்குப் பூவைத்துப் பூஜை, பிறகு தேங்காயைக் குறிவைத்துப் போட்டி. கற்றுத்தருபவர் தகப்பனார், தாத்தா, சில வீடுகளில் பாட்டி. கரியப்பாவையும் திம்மையாவையும் ராணுவத்துக்குக் கொடுத்த மண் அது. அங்கே ராணுவம் துப்பாக்கியைக் கற்றுத்தந்ததா, துப்பாக்கி பழகியவர்கள் ராணுவத்துக்குப் போனார்களா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனாலும் வேட்டைக்குப் போன இடத்தில் தவறிச் சுட்டு உயிர் போன செய்திகள் குடகிலிருந்தும் வருகின்றன. பரம்பரைப் பழக்கமும் உத்தரவாதம் அல்ல.

மூன்றாவது வேலைதான் மிகக் கடினம்: சுடாமல் இருக்கக் கற்பது. எல்லையில் நிற்கும் ஜவானுக்கு மேலே ஒரு அதிகாரி உண்டு, உத்தரவு உண்டு. வங்கி வாசலில் நிற்கும் காவலருக்கு எதுவும் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரணக் குடிமகன். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தரும் தற்காப்பு உரிமை மட்டுமே அவருக்குப் பாதுகாப்பு. ஓடும் திருடனின் முதுகில் சுட்டால் அவர்தான் கூண்டில் நிற்கவேண்டும். கையில் உள்ளதும் படையில் பழகிய இன்சாஸ் ரைஃபிள் அல்ல, 12 போர் இரட்டைக் குழல். ஒரு தோட்டாவிலிருந்து பல ரவைகள் சிதறும். சந்தடி மிக்க தெருவில் அது யார்மேல் படும் என்று யோசிக்க அவகாசம் இருக்காது. அவர் கற்கவேண்டியதைவிட மறக்கவேண்டியது அதிகம்.

2025 நவம்பர் 19 அன்று ஜெயநகர் அருகே ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோன வேனை ஒரு கும்பல் மறித்தது. தாங்கள் ரிசர்வ் வங்கி அதிகாரிகள் என்றார்கள். கொண்டுபோனது 7.11 கோடி ரூபாய். வேனில் துப்பாக்கிக் காவலர்கள் இருந்தும் ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. நடுரோட்டில் சுடாமல் போனது நல்லதுதான். தேவைப்பட்டது குறி அல்ல, "அடையாள அட்டையைக் காட்டுங்கள், ஆபீசுக்கு ஒரு போன் பண்ணிக்கொள்கிறோம்" என்று சொல்லும் பயிற்சி. அதைச் சுடுதளத்தில் கற்க முடியாது. இந்த வழக்கில் கைதானவர்களில் ஒருவர் போலீஸ் கான்ஸ்டபிள். சீருடையைப் பார்த்ததும் கேள்வியை நிறுத்திக்கொள்கிறவர்கள் யோசிக்கவேண்டிய செய்தி.

அனுபவம் கவனத்துக்கு ஈடாகாது என்பதற்கு வெளிநாட்டிலும் உதாரணங்கள் உண்டு. 2004இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவர், இந்த அறையில் துப்பாக்கியைத் தொடத் தகுதியுள்ளவன் தான் ஒருவனே என்ற பொருளில் பேசியபடி மாணவர்கள் எதிரில் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். 2014 ஆகஸ்டில் அரிசோனாவில் நடந்தது சிரிக்க முடியாதது. ஒன்பது வயதுச் சிறுமியிடம் ஊசி எந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார் பயிற்சியாளர். அவர் ராணுவத்தில் இருந்தவர். தொடர்ந்து சுடும் முறைக்கு மாற்றியதும் சின்னக் கைகளால் உதைப்பைத் தாங்க முடியவில்லை. குழல் மேலே திரும்பிக் குண்டு அவர் தலையில் பாய்ந்தது. அந்தத் துப்பாக்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும். அதை ஒன்பது வயதுக் குழந்தையின் மணிக்கட்டோடு சேர்த்து எடைபோட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சற்றுத் தொலைவில் பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் அன்று பயிற்சியில் இருந்தார்கள். நான்கு நாள் கழித்து அந்தச் சிறுவன் இறந்தான். அங்கே பயிற்சி பெற்றவர்கள் படையினர், சுடுதளம் அரசாங்கத்துடையது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார் என்பது துப்பாக்கிப் பாடத்தின் முதல் பக்கம். எத்தனை ஆண்டு சர்வீசும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக அனுமதி ஆகாது.

இந்தக் கேள்வி இனி இன்னும் அவசரமாகும். 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரே நான்கு ஆண்டுக்குப் பிறகு படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் இருபதுகளின் நடுவிலேயே 'முன்னாள்' ஆகிவிடுவார்கள். பெங்களூரின் செக்யூரிட்டி நிறுவனங்கள் அவர்களை வரவேற்கும், வரவேற்கவும் வேண்டும். பதினேழு ஆண்டு சர்வீசுக்கும் நான்கு ஆண்டு சர்வீசுக்கும் ஒரே முத்திரை குத்தினால் அந்த முத்திரைக்கு அர்த்தம் போய்விடும். அந்த இளைஞர்களுக்கும் அது நல்லதல்ல. கற்பிக்கும் முறையில் ஒரு படிப்பும் தேர்வும் வைத்தால் அவர்களில் அருமையான ஆசிரியர்கள் கிடைப்பார்கள்.

பிள்ளையை ரைஃபிள் கிளப்பில் சேர்க்கும் பெற்றோரும், காவலரை நியமிக்கும் மேலாளரும், உரிமத்துக்கு மனுப்போடும் குடிமகனும் பயிற்சியாளரிடம் எந்த ரெஜிமென்ட் என்று முதலில் கேட்கவேண்டியதில்லை. யாருக்கு, எதற்காக, இதற்குமுன் கற்றுத்தந்திருக்கிறீர்கள்? கற்பிக்க யார் உங்களைத் தேர்வு செய்து சான்று தந்தார்கள்? உங்கள் சுடுதளத்தில் குண்டு குறி தப்பினால் எங்கே போய் நிற்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் மீசையை முறுக்குகிறவர் எந்தப் படையில் இருந்தவராயினும், வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவது நல்லது.