பாக் வந்து சேரும் இடம்

சக்குபள்ளத்திலிருந்து குமுளி வழியாக மலை இறங்கினால் கம்பம், அதையும் தாண்டினால் பண்ணைப்புரம். இளையராஜாவின் ஊர். 1986-இல் வந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் பாக்கோடு பேசும். அதைக் கேட்டுப் பழகிய யாரும் ஆல்பன் பெர்க்கின் வயலின் கான்செர்ட்டோவுக்குள் தயங்காமல் நுழையலாம்.

1935-இல், பதினெட்டு வயதில் போலியோவில் இறந்த மனோன் க்ரோபியஸின் நினைவாக எழுதியது. கடைசியில் வரும் அடாஜியோதான் அதன் உயிர். பெர்க் அடுக்கிய பன்னிரு சுர வரிசையின் கடைசி நான்கு, நம் காதுக்குக் கல்யாணியின் ச ரி க ம. பாக்கின் ஒரு கோரல் தொடங்குவதும் அதே நான்கில்தான்! வயலின் அதைப் பாட, கிளாரினெட்டுகள் தேவாலய ஆர்கன் மாதிரி, பாக் அமைத்த ஹார்மனியிலேயே பதில் சொல்கின்றன. அந்த இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். முடிவில் வயலின் மெல்ல ஏறி, உச்சத்து ஜி-யில் போய் நின்றுவிடும்.

பெர்க் இதை மேடையில் கேட்கவே இல்லை. 1935 டிசம்பர் 24-இல் காலமானார். 1936 ஏப்ரல் 19 அன்று பார்சிலோனாவில் லூயிஸ் க்ராஸ்னர் முதன்முதலாக வாசித்தார்.