ஐப்பசி மழையும் ஓட்டப் பயிற்சியும்

சென்னையில் நெடுந்தூர ஓட்டத்தை அப்பியாசமாகக் கொண்டவர்களுக்கு வருஷத்தின் பெரிய பந்தயம் ஜனவரி மாதத்து மாரத்தானாக இருப்பதால், அதற்கு வேண்டிய ஏறக்குறைய 16 வாரப் பயிற்சி புரட்டாசியில் தொடங்கி, ஐப்பசி கார்த்திகை மாதங்களின் ஊடே நடந்து, மார்கழியில் முடிகிறது. அதாவது, இந்நகரம் வருஷம் முழுவதும் பெறுகிற சுமார் 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்டது கொட்டித் தீர்க்கிற அதே நாட்களில்தான், 30 கிலோமீட்டரை எட்டும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களையும் நாம் ஓடி முடித்தாக வேண்டும். இதைத் துர்ப்பாக்கியம் என்று சொல்பவர்கள் உண்டு. பல மழைக்காலங்களை ஓடியே கழித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சித்திரை, வைகாசி மாதங்களில் விடியற்காலையிலேயே காற்று வெதுவெதுப்பாகவும் கடலின் ஈரத்தால் கனத்தும் இருக்க, வேர்வை ஆவியாக மாறாமல் உடம்பிலேயே வழிந்தோட, தேகத்தின் உஷ்ணம் தணிய வழியின்றி இருதயம் படபடவென்று அடித்துக்கொள்ள, எவ்வளவு முயன்றாலும் கால்கள் தம் சுபாவமான வேகத்தை எட்டுவதில்லை. கார்த்திகை மழையிலோ விடியற்காலைக் காற்று 23, 24 டிகிரிக்குத் தணிந்துவிடுகிறது. தோலின்மேல் விழுந்து வழிகிற நீரே உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு போகிறது. பட்ட சிரமம் அதேதான் என்றாலும் தூரம் அதிகம் கைகூடுகிறது. சென்னைக்காரனுக்கு வாய்த்த நல்ல ஓட்டப் பருவம் இதுவே என்பது என் திடமான அபிப்பிராயம்.

மழையில் நனைந்து ஓடினால் ஜுரம் வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவது இயல்பு. ஓடிக்கொண்டிருக்கும் வரையில் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நின்ற பிறகு ஈர உடையோடு தாமதிப்பதுதான் கூடாது. 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானன்று, எலும்பை ஊடுருவும் குளிர்காற்றோடு மழை கொட்டி, பெயர்பெற்ற வீரர்கள் பலர் பாதியிலேயே விலகிக்கொள்ள, அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஓடிவந்த ஜப்பானியரான யுகி கவாவுச்சி 2 மணி 15 நிமிஷம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார். அந்தக் குளிரோடு ஒப்பிட்டால் நம்முடைய மழை தயவுள்ள மழை.

மழையினால் உண்மையில் கெடுவது நாம் காகிதத்தில் எழுதி வைத்த அட்டவணை. செவ்வாய்க்கிழமைக்கு வேக ஓட்டம் என்று எழுதியிருப்போம். திங்கள் இரவே வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நெருங்கி வந்துவிடும். இதற்கு நான் கைக்கொள்ளும் நியமம் ஒன்றுதான்: புறப்படும் நேரத்தை விடாப்பிடியாகக் காப்பாற்றுவது, தூரத்தை வானத்தின் இஷ்டத்துக்கு விட்டுவிடுவது. நாலைந்து நாள் ஓடாவிட்டால் தேகத்தின் திறமை பிரமாதமாகக் குறைந்துவிடாது. குறைவு நன்றாகத் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். ஆனால் நாலரை மணிக்குக் கண்விழிக்கிற பழக்கம், இரண்டு மூன்று நாள் போர்வையின் சுகத்தில் கிடந்தால் போதும், அடியோடு போய்விடும். ஆகையால் வெளியே காலெடுத்து வைக்க முடியாத நாட்களிலும் அதே நேரத்தில் எழுந்து, அதே காலணியை மாட்டிக்கொண்டு, அடுக்குமாடிக் கட்டிடத்தின் படிகளை அரைமணி நேரம் ஏறுகிறேன். ஏறுவதுதான் பயிற்சி, இறங்குவது முழங்காலுக்கு வீண் பாரம் என்பதால், லிஃப்ட் இருக்கும் இடத்தில் அதிலேயே இறங்கிவிடுவது உத்தமம்.

தெருவுக்கு வந்தால் கண் முழுவதும் தரையில் இருக்க வேண்டும். மழை தொடங்கிய முதல் அரைமணியில், பல நாளாகத் தாரில் ஊறிக்கிடந்த எண்ணெய் மேலே மிதந்து வருகிறது. வெள்ளைக் கோடுகளும், பாதாளச் சாக்கடை மூடிகளும், மெட்ரோ ரயில் வேலைக்காகப் பரப்பிய இரும்புத் தகடுகளும் பாசி படர்ந்த படித்துறைபோல் வழுக்குகின்றன. அடியைக் குறுக்கி, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும்படி ஓடுகிறவன் சறுக்கினாலும் சமாளித்துக்கொள்வான். எட்டிப் போடுகிறவன் விழுவான். அடி தெரியாத தண்ணீரில் காலை வைக்கவே கூடாது: திறந்த வடிகாலோ, மின்கசிவோ, எலிக்காய்ச்சலின் கிருமியோ அதில் எது காத்திருக்கிறதென்று சொல்ல முடியாது. மின்வாரியத்தின் பில்லர் பெட்டிகளை விட்டுத் தள்ளியே போக வேண்டும். மணற்பாங்கான பெசன்ட் நகரில் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது. ஏரியும் சதுப்புமாக இருந்த வேளச்சேரித் தாழ்நிலத்தில் பெருமழைக்குப் பின் நாட்கணக்கில் நிற்கிறது. அதனால் புதுப் பாதைகளைத் தேடாமல், குண்டு குழியெல்லாம் மனப்பாடமான ஒரு கிலோமீட்டர்ச் சுற்றையே திரும்பத் திரும்ப ஓடுவது மழைக்காலத்துக்கு ஏற்றது. இடி கேட்டால் ஓட்டத்தை நிறுத்திக் கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி முழங்கி அரைமணி கழியும் வரையில் வெளியே வரலாகாது.

வீடு திரும்பியதும் முதல் சிசுருஷை காலணிக்கு. உள்ளட்டையை உருவித் தனியே காயவைத்து, கயிற்றைத் தளர்த்தி, பழைய செய்தித்தாளைக் கசக்கி விரல்நுனிப் பக்கம் வரை அடைத்து, ஒரு மணி நேரத்தில் ஊறிப்போன தாளை எடுத்துவிட்டு வேறு தாள் அடைத்து, மின்விசிறியின் கீழே வைத்தால் மறுநாளைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். அடுப்பருகிலோ கடும் வெயிலிலோ வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும். இரண்டு ஜோடி இருந்து மாற்றி மாற்றி அணிவது நல்லது. விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்தால் சேற்றுப்புண் வராது. நனைந்த துணி தொடையிலும் அக்குளிலும் உராயாதிருக்க, புறப்படும் முன்பே வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்வது அவசியம். பருத்திச் சட்டை வேண்டாம்.

புயலுக்கான சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள். மற்ற நாட்களில், கண்ணாடியில் மழை வழியும் வாகனத்தை ஓட்டுகிறவருக்கும் புலப்படும்படி வெளிர்நிறச் சட்டையும் ஒளிரும் பட்டையும் அணிந்து, எந்தப் பாதையில் போகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.