திறக்காத அகராதி

இரண்டாண்டுகளுக்கு முன்பு ஒரு மாலையில் ஆதிலாபாத் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் அங்குள்ள பள்ளியின் ஆசிரியர். என் களப்பணி முழுவதிலும் மொழிபெயர்ப்பாளராக உடன் நடந்தவர். எனக்குக் கோலாமிச் சொற்களை வாரி வழங்கிய முதியவர் அன்று காலை இறந்துவிட்டார் என்றார். சிறிது நேரம் இருவருமே பேசவில்லை. பிறகு அவர் தயங்கித் தயங்கித் தெலுங்கில் சொன்னார்: “சார், பெரியவர் குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்கிறார்கள் வீட்டில். வேறு எங்கும் அவர் குரல் இல்லை. நீங்கள் செய்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை.”

ஹைதராபாத் விடுதி அறையில் என் மடிக்கணினியிலும் அது திறக்கவில்லை. அதைச் சரிசெய்ய எனக்கு ஆறு நாள்கள் ஆயின. அதற்குள் சடங்குகள் முடிந்திருந்தன.

இந்தப் பதிவு அந்த ஆறு நாள்களைப் பற்றியது. மென்பொருள் எழுதுவோருக்கு மட்டுமல்லாமல், தரவுகளைத் திரட்டிக் கணினியில் வைத்திருக்கும் ஆய்வாளர் அனைவருக்கும் இது உரியது என்று நினைக்கிறேன்.

ஆய்வுக்கு வருமுன் நான்கு ஆண்டுகள் பெங்களூரில் வலை நிரலாளராகப் பணியாற்றினேன். மொழியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து கோலாமியைத் தேர்ந்துகொண்டேன். தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் பகுதியிலும் வழங்கும் நடுத்திராவிட மொழி அது. நம் ‘நீர்’ அங்கே ‘ஈர்’. நம் ‘இல்’ அங்கே ‘எல்ல’. முதற்சில பயணங்களில் 1,412 சொற்களை ஒலிப்பதிவுகளோடு திரட்டினேன். அவற்றைப் பேச்சாளர்களே திறந்து கேட்கக்கூடிய ஒலி அகராதியாக ஆக்கவேண்டும் என்ற ஆசை எழுந்தது. ஆய்வேட்டுக்குப் புறம்பாக, இரவுகளில் செய்த வேலை அது.

நான் கட்டியதை இன்று எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. முகப்புக்கு ரியாக்ட். பின்புலத்துக்கு நோட். சொற்களுக்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச். விரைவுக்கு ரெடிஸ். ஒலிக் கோப்புகளுக்குத் தனியான மேகச் சேமிப்பகம். எல்லாவற்றையும் ஒன்றாக இயக்க டாக்கர். மூன்றாம் வகுப்புக் கையேட்டில் அச்சிட்டால் நாற்பது பக்கத்துக்கு மிகாத சொற்பட்டியலுக்கு இத்தனை ஏற்பாடு! அன்றாடம் வந்து பார்த்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள்.

அன்று எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை. ஒவ்வொன்றையும் சேர்க்க ஒரே ஒரு கட்டளைதான் தேவைப்பட்டது. அலுவலகத்தில் பழகிய கருவிகள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன, எடுத்துக்கொண்டேன். துறைக் கருத்தரங்கில் கட்டமைப்பு வரைபடத்தைத் திரையில் காட்டியபோது கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்காகவே சில பெட்டிகளை வரைபடத்தில் சேர்த்தேனோ என்று பின்னாளில் ஐயுற்றதுண்டு.

அடுத்த ஆண்டு ஆய்வேட்டின் இயல்களை எழுதத் தொடங்கினேன். எட்டு மாதங்கள் தளத்தின் பக்கமே போகவில்லை. அதனிடையே, நான் பயன்படுத்திய நோட் பதிப்புக்கான ஆதரவை நிறுத்துவதாகச் சர்வர் நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல்கள் படிக்கப்படாமலே கிடந்தன. புதிய பதிப்புக்கு மாற்ற முயன்றால் ஒரு பொதி மற்றொன்றின் புதுப் பதிப்பைக் கேட்டது. அது மூன்றாவதோடு ஒத்துப்போகவில்லை. மூல ஒலிப்பதிவுகள் என் வன்தட்டில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் எது எந்தச் சொல், எது யாருடைய குரல் என்ற விவரம் தரவுத்தளத்தினுள் மட்டுமே இருந்தது. வன்தட்டில் இருந்தவை வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட 1,412 கோப்புகள். பெரியவரின் குரல் என் மேசைமேலேயே இருந்தும், அது எது என்று எனக்குத் தெரியவில்லை. குரலைக் கேட்டுக் கேட்டுச் சிலவற்றைப் பிரித்து அன்றிரவே அனுப்பியிருக்கலாம் என்பதுகூட, தளத்தை எழுப்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் தோன்றவில்லை.

தவறு எந்த நிறுவனத்தினுடையதும் அன்று, என்னுடையது. அதன் தன்மையைப் புரிந்துகொள்ளத்தான் நாளாயிற்று.

நிரலாளர் ரிச் ஹிக்கி 2011-இல் ஆற்றிய உரை ஒன்று எங்கள் வட்டாரத்தில் பெயர்பெற்றது. எளியது வேறு, சுலபமானது வேறு என்பதே அதன் சாரம். ஆங்கிலச் சொற்களின் வேர்களைக் கொண்டு அதை விளக்குவார்: எளியது என்பதன் வேர் ‘ஒற்றை மடிப்பு’, சுலபமானது என்பதன் வேர் ‘அருகில் கிடப்பது’. முன்னது பொருளின் இயல்பைச் சொல்கிறது. பின்னது நமக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவைச் சொல்கிறது.

தமிழில் யோசித்தால் இந்த வேறுபாடு முதலில் மறைந்துபோகிறது. ‘எளிது’ என்ற ஒரு சொல்லாலேயே நாம் இரண்டையும் குறிக்கிறோம். எளிய கருவி என்றால் சிக்கலற்ற கருவியா, வருத்தமின்றிக் கையாளத்தக்க கருவியா? ஆனால் ‘சுலபம்’ என்ற வடசொல்லைப் பிரித்துப் பார்த்தேன்: எளிதில் கிடைப்பது என்று பொருள். அருகில் கிடப்பதேதான்! மறுபுறம் ‘சிக்கல்’ என்ற நம் சொல்லோ நூல் முறுக்கேறிப் பின்னிக்கொள்வதைச் சுட்டுகிறது. ஹிக்கியும் இழைகளைப் பின்னுவதையே உவமையாகச் சொல்கிறார். ஆக, நான் செய்த தவறுக்குத் தமிழிலேயே பெயர் இருந்திருக்கிறது: சுலபமானவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சிக்கலைப் பின்னினேன்.

சுலபத்தின் விலை உடனே தெரிவதில்லை. 2016 மார்ச்சில் நடந்ததை நிரலாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு சொற்சரத்தின் இடப்பக்கத்தில் வெற்றிடத்தையோ சுழியத்தையோ நிரப்பும் 11 வரிப் பொதி ஒன்றை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் உலகெங்கும் ஒரே நாளில் கட்டமுடியாமல் நின்றன. பெரும்பாலோர் அப்படியொரு பொதி தங்கள் திட்டத்துக்குள் இருப்பதையே அன்றுதான் அறிந்தார்கள். தாங்கள் நேரில் தேர்ந்தெடுக்காத ஒன்றால் அவர்கள் வேலை நின்றது.

ஃப்ரெட் புரூக்ஸ் 1986-இல் எழுதிய கட்டுரையில் மற்றொரு பாகுபாடு உண்டு: சிக்கல்களில் சில பொருளுக்கே உரியவை, சில நாம் பயன்படுத்தும் கருவிகளால் வந்து சேர்பவை. என் அகராதியில் உரிய சிக்கல்கள் இருக்கவே செய்தன. தெலுங்கு எழுத்தில் எழுதினால் கோலாமியின் ஒலிகள் எங்கெங்கே நழுவுகின்றன? ஒரே சொல்லை இரண்டு ஊரார் இரு விதமாகச் சொன்னால் எதைத் தலைச்சொல்லாக வைப்பது? நெடிலா குறிலா என்று ஐயம் வரும் இடங்களில் என்ன செய்வது? என் துறைக்கு உரிய கேள்விகள் இவைதாம். எலாஸ்டிக்சர்ச்சை அமைக்கச் செலவிட்ட மூன்று வார இரவுகளில் இவற்றில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. வந்து சேர்ந்த சிக்கல், உரிய சிக்கலுக்கான நேரத்தைத் தின்றுவிட்டது.

அந்த நாள்களில் நூலகத்தில் எமனோவின் கோலாமி நூலை மீண்டும் எடுத்தேன். தோடர், கோத்தர் மொழிகளை நீலகிரியில் ஆராய்ந்த அதே எமனோதான். 1930-களில் களத்தில் திரட்டியதை 1955-இல் நூலாக்கினார். பக்கங்கள் பழுத்திருந்தன, திறந்தேன், படிக்க முடிந்தது. எந்தப் புதுப்பிப்பையும் அது என்னிடம் கேட்கவில்லை. என் அகராதிக்கோ இரண்டு வயதுகூட நிறையவில்லை.

பழைய தரவுத்தளத்தின் காப்பு நகலிலிருந்து விவரங்களை மீட்டபின், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இப்போது அகராதி என்பது ஒரு கோப்புறை. சொற்கள் அனைத்தும் ஒரே உரைக் கோப்பில், வரிக்கு ஒரு சொல்லாக. ஒலிக் கோப்புகளின் பெயரிலேயே சொல்லும் பேசியவரும் பதிவுசெய்த நாளும் உள்ளன. 120 வரிப் பைதான் நிரல் ஒன்று அந்த உரைக் கோப்பைப் படித்து எச்.டி.எம்.எல் பக்கங்களை எழுதித் தருகிறது. வெளியார் பொதி ஒன்றைக்கூட அது நாடுவதில்லை. நாளை அந்த நிரலே தொலைந்தாலும் உரைக் கோப்பை எவரும் திறந்து படிக்கலாம். ஒலிக் கோப்புறையைக் கைப்பேசியில் போட்டால் பாட்டு கேட்கும் செயலியே அகராதியாகிவிடும். சொற்கள் பல்லாயிரமாகப் பெருகினால் எஸ்.க்யூ.லைட்டுக்கு மாறுவேன். அதிலும் தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்புதான். அதை எழுதுவோர் 2050 வரை ஆதரிக்கும் நோக்கத்துடன் உழைக்கிறார்கள்.

இதைச் செய்வது சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். எதை விடலாம் என்று தீர்மானிப்பது, எதைச் சேர்க்கலாம் என்று தீர்மானிப்பதைவிடக் கடினம். எழுத்துப்பிழையோடு தட்டினாலும் சொல்லைக் கண்டுபிடிக்கும் தேடலை இழந்தேன். அதற்கு ஈடாக ஒவ்வொரு சொல்லுக்கும் வழங்கும் மாற்று வடிவங்களை நானே உட்கார்ந்து ஒரு பத்தியில் நிரப்ப வேண்டியிருந்தது. நிரப்ப நிரப்ப, ஊருக்கு ஊர் மாறும் உயிரொலிகளில் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கியது. என் ஆய்வேட்டின் நான்காம் இயல் அந்தப் பத்தியிலிருந்து பிறந்தது. கருவியிடம் ஒப்படைத்திருந்த வேலை உண்மையில் என் வேலையாகவே இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் உரைக் கோப்பில் எழுதிவிடலாம் என்று நான் வாதிடவில்லை. பலர் ஒரே நேரத்தில் திருத்தும் தரவுக்கும், பேச்சாளர் அனுமதித்தவர்கள் மட்டுமே கேட்கவேண்டிய பதிவுகளுக்கும் கூடுதல் ஏற்பாடு தேவை. பெருந்திரளுக்குப் பணிசெய்யும் அமைப்புகள் பெரிதாக இருப்பதில் நியாயம் உண்டு. என் குறை, அவர்களுடைய தேவைக்கான விடையை என் வினாவுக்கு எழுதியதுதான்.

புதிய வடிவத்தைத் துறையில் காட்டியபோது கைதட்டல் எழவில்லை. “இவ்வளவுதானா?” என்று ஒருவர் கேட்டார். ஆம், இவ்வளவுதான். ஒன்று எளிமையாக இருக்கிறதா என்பதை அதை ஆக்கியவரின் வசதியைக் கொண்டு அளக்கமுடியாது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆக்கியவர் ஊரில் இல்லாதபோதும், ஆர்வம் இழந்தபோதும், இறந்தபோதும் பிறர் கையில் அது திறக்கிறதா என்பதே அளவுகோல். நமக்குத் தம் சொற்களைத் தந்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனும் அதுவே.

சென்ற கோடையில் அந்த ஊருக்குப் போனேன். பள்ளியின் பழைய கணினியில் பென்டிரைவைச் செருகினார் ஆசிரியர். அங்கே அன்று இணையம் இல்லை. பெரியவரின் பேத்தி பட்டியலை மேலும் கீழும் உருட்டி ‘ஈர்’ என்ற சொல்லைச் சொடுக்கினாள். தாத்தா அதை இருமுறை சொல்லியிருந்தார். இரண்டாம் முறை, எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையென்று எண்ணிச் சற்று உரக்க. அவள் சிரித்தாள். பிறகு அடுத்த சொல்லைச் சொடுக்கினாள்.

படிக்கும் நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்றிரவு இணையத்தைத் துண்டித்துவிட்டு, உங்கள் ஆய்வுத் தரவை உங்களை அறியாத ஒருவரால் திறக்கமுடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால், அழைப்பு வருமுன் சரிசெய்துவிடுங்கள்.